கூரைக்குள் வந்த பிள்ளை

விராலிமலைப் பக்கம் நெடுஞ்சாலையோரமாகப் புதிதாக எழும்பிய கலைக்கூடத்துக்குக் கருங்கல் பீடங்கள் இறக்கப் போன இடத்தில்தான் நல்லதம்பி தன் பிள்ளையைப் பார்த்தார். மண் பிள்ளை. முழங்கால் உயரம் இருக்கும். திறந்த பெட்டிக்குள் வைக்கோல் மேல் மல்லாந்து கிடந்தது. தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி.

அது மகள் செல்வராணியின் விரல். நாலு வயதில் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. அய்யனாருக்குப் பிள்ளைப் பொம்மை வைப்பதாக வேண்டிக்கொண்டு, அதைச் சூளையில் போடுமுன் பார்க்கக் கூட்டிப் போனபோது, ஈர மண்ணில் விரலை விட்டு அழுத்திவிட்டாள். பொம்மை செய்த வேளார் திட்டிக்கொண்டே அப்படியே சுட்டுக் கொடுத்தார். கொண்டுபோய் அய்யனார் காட்டில் வெட்டவெளியில் வைத்தார்கள். நோவைப் பொம்மை வாங்கிக்கொள்ளும். வெயிலிலும் மழையிலும் கிடந்து உடைந்து மண்ணோடு போகும். திரும்ப ஒரு கூரைக்குள் மட்டும் வரக்கூடாது. அவர்கள் வகையறாவில் அப்படித்தான். வலிப்பும் நின்றுபோனது.

போன வருஷம் கோயிலுக்கு டைல்ஸ் போட்டபோது ஊர்க்காரர்களே பழைய பொம்மைகளைக் குப்பை என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரி எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்லதம்பியும் கேட்கவில்லை.

"பாத்தீங்களாண்ணே," என்றான் கூடச் சுமை தூக்கும் நிலவழகன். "அய்யனாரு ஆளுக எல்லாம் ஏசிக்குள்ள வந்துட்டாங்க. நம்மதான் இன்னும் வெளிய காயிறோம்."

நல்லதம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி மருதாயி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் ராணி விழுந்துட்டா. அப்பாகிட்ட சொல்லாதன்னா."

"விழுந்துட்டான்னா?"

"அதேதான். அடுப்படியில. வழுக்கிருச்சுன்னு மாமியாகிட்ட சொல்லிருக்கா. ஏழு மாசம் அவளுக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"எப்புடிக் காட்டுவா? மாப்ளதான கூட்டிட்டுப் போகணும். கல்யாணம் பேசுறப்ப வலிப்பப் பத்தி நம்மதான் வாயத் தெறக்கலையே." கீழே வைத்த சொம்பை ஓரமாகத் தள்ளினாள். "நீங்க மொதல்ல அதக் கூரையவிட்டு வெளிய கொண்டாங்க."

கலைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஷர்லி மேடம். மரியாதையான பெண். சுமை தூக்குகிறவர்களையும் அண்ணே என்றுதான் கூப்பிடும்.

"மேடம், அந்தப் பிள்ளப் பொம்ம நாங்க வச்சது. குடுத்தீங்கன்னா கொண்டுபோய்க் காட்டுலயே வச்சிருவேன்."

ஷர்லி கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டது. அதுதான் நல்லதம்பிக்குப் பயமாக இருந்தது.

"உங்களதாண்ணே? இப்படி ஒருத்தரத்தான் தேடிட்டிருக்கோம்! வச்சவங்க வந்து கேட்டா திருப்பிக் குடுத்துடணும், அதான் எங்க பாலிசி. எந்தக் குழந்தைக்கு வச்சீங்க? என்ன நோய்? அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரும் வீடியோல சொல்லிடுங்க. போதும்."

"பேரு வேணாமே மேடம்."

"பேரில்லாம எப்படிண்ணே? நாளைக்கு யார் வேணா வந்து என்னுதும்பாங்கல்ல?"

நியாயம்தான். லாரியில் ஏற்றும்போது யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கும்போதுதான் பெயர், நோய், முகம் எல்லாம் தேவைப்படுகிறது.

"அந்த வீடியோவ யாரு பாப்பாங்க?"

"வர்றவங்க எல்லாருமே. பொம்மைய நீங்க கொண்டுபோனாலும் அந்த எடத்துல வீடியோ ஓடும்."

சம்பந்தி வீடு விராலிமலையில்தான். திறப்பு விழாவுக்கு ஊரே வரப்போகிறது.

"எங்களுது இல்ல மேடம்," என்றார். "அதுமாரி இருந்துச்சு. அதான் கேட்டேன்."

ஷர்லியின் முகம் வாடிவிட்டது. "பரவால்லண்ணே."

திறப்புக்கு முந்தின நாள் பொம்மைகளைப் பீடத்தில் ஏற்றினார்கள். காலையில் கிளம்பும்போதே மருதாயியிடம் "இன்னைக்கு முடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அந்தப் பிள்ளைய நல்லதம்பி அண்ணங்கிட்ட குடுங்க மேடம்," என்றான் நிலவழகன். "அவரு கையிலருந்து ஒரு கல்லு விழுந்ததில்ல."

வாங்கிக்கொண்டார். உள்கூடான பொம்மை, கல் தூக்கிய கைக்குக் கனமே இல்லை. கீழே பளிங்குத் தரை. விட்டால் போதும். உடைந்தால் அது குப்பை, கூட்டி வெளியே கொட்டிவிடுவார்கள். வேண்டுதலும் முடிந்துபோகும். வேலை போனால் போகட்டும்.

சுண்டுவிரல் அந்தக் குழியில் தட்டியது. நுழையவில்லை.

விடு, என்று கையிடம் சொன்னார். பொம்மை லேசாகச் சரிந்தது. சரிந்ததுதான் தாமதம், கை தானாக இறுக்கிக்கொண்டது. குவாரியிலும் லாரியிலும் ஏச்சு வாங்கி வாங்கி அது கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. சரிகிற சுமையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

பிள்ளை பீடத்தில் நின்றது. மேலே விளக்கைப் போட்டார்கள்.

"சூப்பர்ணே," என்றது ஷர்லி. "சொந்தக் குழந்தையத் தூக்குற மாதிரியே தூக்குறீங்க."

பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். நேர்த்திக்கடன் பொம்மை. சுடுமண். வைத்தவர் யாரெனத் தெரியவில்லை.

வாசலைத் தாண்டி வெயிலுக்குள் வந்தபோது மருதாயி போன் போட்டாள்.

"வெளிய வந்துருச்சாங்க?"

"நான்தான் வந்தேன்," என்றார்.