முத்தம்மாவுக்கென்று பேசின ஸ்டவ்

எழுபத்தெட்டு மே மாசம் எங்கள் லோதி காலனி வீட்டுக்கு ஒருவழியாக கேஸ் வந்தது. பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்வைப் பரணில் போடுவதற்குள் முத்தம்மா கேட்டுவிட்டாள். நம்மூர் ஜனங்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்து பாத்திரம் தேய்க்கிறவள். "மழைக்கு முந்தி குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்மா. ஈர விறகை ஊதி ஊதி இருமல் நிக்கவே மாட்டேங்குது."

சும்மா தூக்கிக் கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் வாய் அடங்காதே! "கொல்லையிலே கோரை மண்டிக் கிடக்கு பார், அதை ஒழிச்சுடு. அன்னிக்கே எடுத்துண்டு போ" என்றேன்.

கோரையாவது ஒழியறதாவது! தலையைக் கிள்ளினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஜூன் வெயிலில் தினம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கு கிழங்காகப் பொறுக்கினாள். இருமல் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். மாசக் கடைசியில் தரை மொட்டையாகிவிட்டது.

"எடுத்துக்கட்டுமாம்மா?"

"ஒரு மழை பெய்யட்டும், பார்ப்போம்" என்றேன். கிராதகி நான்.

மழை பெய்தது. நாலாம் நாள் பச்சைப்பசேலென்று மறுபடியும் கோரை. வந்ததே எனக்கு ஆத்திரம்! அன்றைக்கென்று பார்த்து வாசலில் பாத்திரக்காரி கூவினாள். ஸ்டவ்வை அவளிடம் போட்டு ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கிவிட்டேன். மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் முத்தம்மா, "சரிங்கம்மா" என்றாள். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவேயில்லை.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் புது ஸ்டவ் ஒன்று வாங்கிக்கொண்டு, நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரமாக விசாரித்து விசாரித்து அவள் குடிசைக்குப் போனேன். உள்ளே ஒரு பழைய திரி ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. மேலே உலை.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டாள். நான் அடுப்பையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "ஜங்புராவுல புதுசா ஒரு வீடும்மா. சர்தார்ணியம்மா. நான் கேக்கக்கூட இல்லை. இருமறதைப் பாத்துட்டு, சேந்த அன்னிக்கே எடுத்துக் குடுத்துட்டாங்க."

"இதையும் வெச்சுக்கோயேன்" என்று என் பெட்டியை நகர்த்தினேன்.

"எதுக்கும்மா ரெண்டு?" என்று சிரித்தாள். கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உலையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அத்தனை நாள் என் கொல்லையில் வெயிலில் கிடந்தாளே, அவளுக்கு ஒரு வாய் மோர் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.