ஜோடி சொன்னால் கேட்கணும்

என்னையும் அக்தர் பேகத்தையும் ஜோடி சேர்த்தது லதா. எங்கள் எடை குறைப்புக் குழுவின் தலைவி அவர்தான். அவர் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. குழுவில் சட்டம் ஒன்றே ஒன்று: ஜோடி சொன்னால் கேட்கணும், எதிர்க்கேள்வி கூடாது. திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் நான் வாய்க்குக் கொண்டுபோன போண்டாவைப் பார்த்து, "சங்கரி, போடு கீழ" என்றாள் அக்தர். போட்டேன். அந்தப் போண்டாவின் வாசனை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அக்தருக்குச் சர்க்கரை, முட்டிவலி, நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. அவள் நடக்க வருவதில் கணவர் ஹயாத் பாஷாவுக்கு அரை மனசுதான். "உனுக்கு ஏதாவது ஆச்சின்னா அன்னியோட நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பல வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து தொழுதவள், நடக்க ஆரம்பித்த பிறகுதான் தரையில் நெற்றி வைத்துத் தொழுதாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கணும்!

நோன்பு மாசம் வந்தது. மாத்திரையும் போட்டுக்கொண்டு, நோன்பும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் நடக்கவும் வந்தாள். நோன்பு திறக்கப் பையில் பேரீச்சம்பழம் வைத்திருப்பாள். லதா அதைப் பார்த்துவிட்டார்.

"அது பூரா சர்க்கரைங்க. தண்ணி குடிச்சுத் திறங்க, போதும்."

அக்தர் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் லதாவிடம் யார் வாயைக் கொடுப்பது?

மறுநாள் மனை போட்டு விற்கிற இடத்தில் நடந்தோம். கல் நட்ட வெறும் ரோடு, சுற்றிலும் ஒரு கடை கிடையாது. பாதி வழியில் அக்தர் கோணலாக நடந்தாள். கையைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்து நடுங்கியது.

"இன்னா அக்தர், இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல மலீஹா."

மலீஹா அவள் மகள். நான் லதாவைக் கத்திக் கூப்பிட்டேன். அதற்குள் அவள் ஒரு மனைக்கல்லில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சர்க்கரை இறங்கிடுச்சு! யாராவது இனிப்பு குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினார் லதா.

யாரிடம் இருக்கும்? இனிப்பைத் தொடாதே என்று மாசக்கணக்காக மிரட்டியவர் அவர்தானே! அக்தர் பை உட்பட எல்லோர் பையிலும் தண்ணீரும் வெள்ளரிக்காயும்தான்.

தூரத்தில் மனை விற்கிறவர்களின் பந்தல் தெரிந்தது. இடம் பார்க்க வருகிறவர்களுக்குக் கூல்டிரிங்ஸ் கொடுப்பார்கள். ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதே கிடையாது. செருப்பு எங்கோ கழன்றது. மேஜையில் இருந்த ஆரஞ்சு பாட்டிலைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அக்தர் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "பாங்கு சொல்லட்டும்... இன்னும் கொஞ்ச நேரம்தான்..." நாக்கு குழறியது.

"உடம்பு முடியலன்னா திறந்துடலாம், அப்பறமா வேற நாள்ல வச்சிக்கலாம்னு நீதானே சொன்ன?"

காதில் விழுந்ததோ இல்லையோ, கண் சொருகியது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ஏய், நான் உன் ஜோடி! ஜோடி சொல்றேன், குடி!"

வாயைத் திறந்தாள். பாதி புர்காவில் கொட்டியது, பாதி உள்ளே போனது. மெல்ல மெல்ல முகத்துக்கு உயிர் வந்தது. அப்போதுதான் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு சொன்னார்கள். அக்தர் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் தோளை நான் விடவே இல்லை.

லதா செல்போனில் சொன்னதும் ஹயாத் பாஷா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மனைவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குரல் ஏறியது.

"நோன்பு வச்சிகினு வந்தவ, ஒரு பேரீச்சம்பழம் எடுத்துகினு வரக் கூடாதா? ஏன் எடுத்தாரல?"

லதா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் திறந்தேன். அக்தர் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"வூட்லயே மறந்து வச்சிட்டேங்க. இன்னா சங்கரி, சொல்லேன்."

"ஆமா பாய்," என்றேன். "மறந்துட்டா."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உதைத்தார்.

"நாளைக்கு நானே டப்பாவுல போட்டுக் குடுக்குறேன். ஏறு."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் நகம் பதிந்த இடம் எனக்கு வீடு போய்ச் சேரும்வரை எரிந்தது.