பதினேழு: நாற்றம்

அவளுடைய வேலை புகார்களைப் படிப்பது. வாகனப் பாதுகாப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசை. மாதத்துக்கு இரண்டாயிரம் புகார் வரும். படிக்க மூன்று பேர். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் பிரேக். நான்கு, ஸ்டியரிங். ஒன்பது, சார்ஜ். பதினேழு, நாற்றம்.

மூன்று வருடங்களுக்கு முன் புகார்கள் மலையாகக் குவிந்தபோது அவள்தான் ஒரு வழி சொன்னாள். எழுதுபவர் முதலில் எதைச் சொல்கிறாரோ அதற்கே எண் போட்டுவிடலாம். வலிக்கிற இடத்தைத்தானே யாரும் முதலில் சொல்வார்கள். ஒரே மாதத்தில் மேசைகள் காலியாயின. கூட்டத்தில் இயக்குநர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்.

பதினேழாம் எண்ணுக்குப் பதில் கடிதம் அச்சிட்டுத் தயாராக இருக்கும். ஏசி ஃபில்டரை மாற்றிப் பார்க்கவும்.

செவ்வாய்க்கிழமை மதியம் பொறியாளர் அவள் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே உருகிக் கருகிய ஒரு பிளக். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. எரிந்த பாகம் எது வந்தாலும் சோதிக்கும் முன் முகர்ந்து பார்ப்பார். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு மூக்கு சார் என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"எந்த வண்டி சார்?"

"பெட்ரோல் பாதி, கரண்டு பாதின்னு ஓடுமே, அது. ஷெட்டுல சார்ஜ் போட்டுட்டுக் கடைக்குப் போயிருக்காங்க. திரும்பி வந்தா ஷெட்டே இல்ல. நல்லவேளை, வீட்ல யாரும் இல்ல."

"கம்பெனி என்ன சொல்லுது?"

"வீட்டு வயரிங் சரியில்லையாம். வேற என்ன சொல்லும்? இது ஒண்ணுதானா, இதுக்கு முன்னாடியும் இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. மூணு மணிக்குக் கூட்டம்."

ஒன்பதாம் எண்ணில் தேடினாள். அந்த வண்டிக்கு இரண்டே புகார். ஒருவருக்கு வயரின் நீளம் போதவில்லை. இன்னொருவருக்கு சார்ஜ் விளக்கின் நிறம் பிடிக்கவில்லை.

"ரெண்டு இருக்கு சார். ரெண்டும் இது இல்ல."

"அப்ப மூட வேண்டியதுதான். தனிச் சம்பவம்னு எழுதிடுவாங்க."

அவர் பையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அதான். மீன்."

"என்ன சார்?"

"இந்த மாதிரி பிளாஸ்டிக் சூடானா முதல்ல மீன் வாடைதான் வரும். புகையெல்லாம் அப்புறம். மோந்து பாக்கிறியா?"

அவள் முகரவில்லை. எழுந்து தேநீர் அறைக்கு நடந்தாள். அங்கே அறிவிப்புப் பலகையில், தீயணைப்பு ஒத்திகை அட்டவணைக்குப் பக்கத்தில், ஒரு கடிதத்தின் முதல் பக்கம் குத்தியிருந்தது. இரண்டரை மாதங்களாக அங்கேயே இருக்கிறது. குத்தியவள் அவள்தான்.

'மதிப்பிற்குரிய ஐயா, என் காருக்குள் ஒரு மீன் இறந்து கிடக்கிறதோ என்று ஐயுறுகிறேன். நான் இருக்கைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். மீனைக் காணவில்லை.'

அன்று மூன்று மேசைகளும் சேர்ந்து சிரித்தன. பதினேழு என்று எண் போட்டாள். ஃபில்டர் கடிதம் போனது.

ஊசியைப் பிடுங்கினாள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: மூன்றில் ஒன்று.

மற்ற இரண்டு பக்கங்கள் கோப்பில் இருந்தன. எழுதியவர் ஒரு நூலகர். வண்டி அதேதான். இரண்டாம் பக்கம் முழுக்க அவர் ஃபில்டரைப் பற்றியும், வண்டியில் வெளியூர் போய்வந்ததைப் பற்றியும் எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்திக்கு வந்தாள்.

'வண்டியை சார்ஜில் போடும் நாட்களில் மட்டுமே இந்த வாடை வருகிறது என்பதைக் கவனித்தேன். சுவரில் செருகும் பிளக் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. தங்கள் மேலான கவனத்துக்கு: எங்கள் இரட்டைப் பெண் குழந்தைகளின் அறை ஷெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது.'

அவர் மொத்தம் நான்கு கடிதங்கள் எழுதியிருந்தார். நான்கிலும் முதல் பக்கத்தில் மீன். நான்கும் பதினேழு. கடைசிக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பத்து நாளைக்கு ஒன்று எழுதியவர், ஆறு வாரமாக எழுதவில்லை.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். மறுபடியும் அடித்தது.

பொறியாளர் பையோடு அங்கேயே நின்றிருந்தார். மூன்றாம் பக்கத்தை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தீயணைப்புக்காரங்க பட்டியல்ல பாத்தியா?"

"அது ரெண்டு மாசம் தள்ளித்தான் சார் நமக்கு வரும்."

"முகவரி எவ்ளோ தூரம்?"

"நாப்பது நிமிஷம்."

"பையை எடுத்துக்கோ. நான் வண்டியை எடுக்கறேன்."

அவருடைய கார் பழசு. நூறு சதவீதம் பெட்ரோல். போகும் வழியில் அவள் கைப்பேசியில் பதினேழாம் எண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த வண்டியின் புகார்களை ஒவ்வொன்றாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். நாற்றம் என்று நூற்று நாற்பது. பாதி படிப்பதற்குள் சூடான பிளக் பத்தொன்பது ஆகிவிட்டது.

"பத்தொன்பது சார்."

"ம்."

"எல்லாத்துக்கும் ஃபில்டர் மாத்தச் சொல்லியிருக்கேன்."

"மாத்தினா வண்டிக்கு நல்லதுதான்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்காகச் சொல்லவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னார்: "முதல் வரிதான் முக்கியம்னு நீ சொன்னப்ப கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்ம்மா. நீ மட்டும் தலையில போட்டுக்காத."

அவள் மறுபடியும் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். எரிந்துபோன வீட்டில் மணி அடிக்காது. அதை அவரிடம் சொன்னாள்.

"அடிக்காது," என்றார். பிறகு, "செல்போன்னா அடிக்கும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வீட்டு நம்பர் சார்."

"அப்ப சரி. அப்ப சரி."

குறுகிய தெரு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாடி வீடுகள். கீழே ஷெட், மேலே ஒரு ஜன்னல். இருபத்தாறாம் எண் வீட்டின் ஷெட் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கார் இல்லை. சுவரில் சாக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி ஓர் ஆள் கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. மேலே ஜன்னல் சாத்தியிருந்தது. திரை இல்லை.

அவள் வாசலிலேயே நின்றாள். பொறியாளர் குனிந்து ஷெட்டுக்குள் போய்ச் சுவரை முகர்ந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பழைய கறை. சுவரோட நின்னிருக்கு. கூரை சுத்தமா இருக்கு பாரு. மேல ஏறல."

"நிச்சயமா சார்?"

"முப்பத்தஞ்சு வருஷமா இதைத்தானே மோந்துகிட்டு இருக்கேன்."

பின்பக்கத்திலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நீராவி. இருவரும் பக்கச் சந்து வழியாகப் பின்னால் போனார்கள்.

பின்முற்றத்தில் ஒரு கொட்டகை. உள்ளே ஒரு பெண் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஐம்பது அறுபது வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏதோ ஓட்டலின் சீருடை. ஓரத்தில் பூப்போட்ட ஜன்னல் திரை ஒன்றும் காய்ந்தது.

"யார் வேணும்? சலவைக்குன்னா சனிக்கிழமைக்கு முன்னாடி முடியாது."

"வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துலேருந்து வரோம்," என்றாள். "குழந்தைங்க எங்கம்மா?"

அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்கூல்ல. அப்பா கூப்பிடப் போயிருக்காரு. ஏன்?"

"நல்லா இருக்காங்களா?"

"ஒருத்திக்குப் பல் விழுந்திருக்கு. அதுக்கா வந்தீங்க?"

அவள் பக்கத்திலிருந்த துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"போன் பண்ணிக்கிட்டே இருந்தோம்," என்றார் பொறியாளர்.

"மாடியில இருக்கு அது. இந்தச் சத்தத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது." பிறகு அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்தது. "ஓ. அவர் லெட்டருக்கா? ரெண்டரை மாசம் கழிச்சா? மூணு தடவ ஃபில்டர் மாத்தினாரு, நீங்க சொன்னீங்கன்னு. கவர்மெண்டே சொல்லுதுன்னு எனக்கே பாடம் எடுத்தாரு. நாலாவது லெட்டர் எழுதிட்டு இருக்கிறப்ப நான் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பாத்தேன். பதினஞ்சு வருஷமா இஸ்திரி போடறேன். பிளக் சூடானா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சுவர்லேருந்து பிடுங்கி எறிஞ்சேன். இனிமே பெட்ரோல்லயே ஓட்டுங்க, கரண்டு பக்கம் போனா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னேன்."

"அந்த வயர்?" என்றார் பொறியாளர். குரல் மாறியிருந்தது. "தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன். அதோ."

சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தது அதில்தான். கனமான கறுப்பு வயர், கொட்டகைத் தூணிலிருந்து சுவர் ஆணி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. உருகிய பிளக் தூணில் முடிச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பொறியாளர் சட்டைகளுக்கு நடுவே புகுந்து போய் அதைத் திருப்பிப் பார்த்தார். முதலில் முகர்ந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதிலிருந்த எழுத்தைப் படித்தார்.

"பேட்ச் நம்பர் இருக்கும்மா! முழுசா இருக்கு. ஷெட்டோட எரிஞ்சதுல இந்த இடமே போயிடுச்சு." அவர் திரும்பினார். "இதை எங்களுக்குக் குடுப்பீங்களா?"

"குடுத்துட்டு அறுபது சட்டையை என் தலையில காயப்போடவா?"

பொறியாளர் தன் காருக்குப் போனார். டிக்கியிலிருந்து வண்டி இழுக்கும் கயிற்றை எடுத்து வந்தார். சிவப்பு நைலான், தடிமனானது. அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"பரவாயில்ல. நல்லாத்தான் இருக்கு."

மூவரும் சேர்ந்து சட்டைகளை மாற்றினார்கள். பாதி வேலையில் வாசலில் கார் சத்தம் கேட்டது. இரண்டு சிறுமிகள் பைகளோடு ஓடி வந்து, புது ஆட்களைக் கண்டு நின்றார்கள். ஒருத்தி வாயைத் திறந்து ஓட்டைப் பல்லைக் காட்டினாள். அவள் குனிந்து தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துப் பார்த்தாள்.

பின்னாலேயே நூலகர் வந்தார். மெலிந்த மனிதர். பாதுகாப்பு அலுவலகம் என்றதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உங்க லெட்டருக்குத் தப்பான எண் போட்டது நான்தான் சார்," என்றாள் அவள். "முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்."

"மீனை முதல்ல எழுதியிருக்கக் கூடாதோ?"

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

"மூணு பக்கம் எழுதினா யார்தான் படிப்பா?" என்றாள் அவர் மனைவி, ஒரு கிளிப்பைப் பல்லில் கடித்தபடி. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டரையே நான் இன்னும் முடிக்கல."

"அது பதினோரு பக்கம்," என்றார் நூலகர், பொறியாளரிடம்.

அலுவலகம் திரும்பும்போது மணி நான்கு. கூட்டம் முடிந்திருக்கவில்லை. பொறியாளர் வயரை மேசைமேல் வைத்தார். அதில் இன்னும் இரண்டு கிளிப்புகள் இருந்தன. அவள் மீதிப் புகார்களைப் படித்துமுடித்திருந்தாள். முப்பத்தாறு வீடுகள், முப்பத்தாறு பிளக்குகள். அத்தனை பேர் வீட்டு வயரிங்கும் எப்படிச் சரியில்லாமல் போகும் என்று பொறியாளர் கேட்டார். அவள் எழுந்து நின்று, பதினேழாம் எண்ணைப் பற்றியும் தன் யோசனையைப் பற்றியும் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே முப்பத்தாறு பேருக்கும் போன் செய்தார்கள். வண்டியை சார்ஜ் போடாதீர்கள், பெட்ரோலில் ஓட்டுங்கள். முப்பத்தாறு பேரும் எடுத்தார்கள். ஒருவர் மட்டும் தூக்கக் கலக்கத்தில் திட்டினார். அவள் அதை முழுவதும் கேட்டாள்.

ஐந்தாவது வாரம் கம்பெனி அந்த பேட்ச்சில் விற்ற நாற்பத்தோராயிரம் கார்களின் வயரையும் திரும்பப் பெற்று மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதுவரை எரிந்தது அந்த ஒரே ஷெட்தான். புகார்கள் இப்போது கடைசிப் பக்கம் வரை படிக்கப்படுகின்றன. மேசைகள் மறுபடியும் நிறைந்துவிட்டன. கூடுதலாக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், வருவதாகச் சொல்கிறார்கள்.

அதற்கடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை நூலகரின் ஐந்தாவது கடிதம் வந்தது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் மழை. இரண்டாம் பக்கத்தில் புது வயர் வந்து சேர்ந்த விவரம். சார்ஜ் போடும் நேரமெல்லாம் அவர் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவ்வப்போது பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தார். அவள் தேநீரை ஓரமாக வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்துக்குப் போனாள்.

பொறியாளர் அந்த வழியாக வந்தார்.

"நம்ம மீன்காரரா? என்னவாம்?"

"உங்க கயிறு சாயம் போகுதாம் சார். பதினாலு சட்டையில சிவப்புக் கோடு."

"உயிருக்கு ஏதாவது ஆபத்து?"

அவள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்க உயிருக்குத்தான் சார். அந்தம்மா உங்களைத் தேடிக்கிட்டு இருக்காங்களாம்."