எழுந்து சிரிக்கிற ஷாட்

போன வாரம் வரைக்கும் ஆர்தர் அறுபத்து மூன்று தடவை செத்திருந்தார். பாம்பு கடித்து, பேய் கழுத்தை நெரித்து, வேற்றுக்கிரகப் பூச்சி காதுக்குள் புகுந்து, ஒரு தடவை தன் தலையைத் தானே கையில் ஏந்திக்கொண்டு. மலாய்ப் படமோ தமிழ்த் தொலைக்காட்சி நாடகமோ, திகில் கதை என்றால் பினாங்கில் முதலில் தேடுகிற ஆள் அவர்தான். கதாநாயகன் வேஷம் ஒரு நாளும் கிடைத்ததில்லை. பெயர் போடும்போது ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருவார். ஆனால் சுங்கை பினாங்குச் சந்தையில் மீன் வாங்கப் போனால் பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த மரியாதை எந்தக் கதாநாயகனுக்குக் கிடைக்கும்?

இத்தனை சாவிலும் அவர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். சாகிற ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தக்கூடாது. அவர் படுத்த இடத்திலிருந்து எழுந்து, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். அதையும் எடுக்க வேண்டும். எடுத்தால்தான் அவர் எழுந்ததாக அர்த்தம். படத்தில் அது வராது, வெட்டி எறிந்துவிடுவார்கள். எறியட்டும். பிணமாகப் படுத்தவன் பிணமாகவே இருந்துவிடக்கூடாது, அதுதான் கணக்கு. சினிமாக்காரர்களின் பழைய வழக்கம் இது. வழக்கத்தை விட்டுவிட்ட சின்னப் பையன்கள் டைரக்டராக வந்தாலும் ஆர்தர் விடவில்லை. ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமே கேட்டார். "அது மூடநம்பிக்கை. ஆனா சிரிக்கிறது பாவமில்ல" என்றார் ஃபாதர். அதன்பிறகு ஆர்தர் இன்னும் சத்தமாகவே சிரித்தார்.

அவருக்கு டூப் ஜெஃப்ரி. அதே உயரம், அதே தோள், அதே வழுக்கை. அக்கரையில் பாகான் டாலாம்காரர். முப்பத்தோரு வருஷமாக ஆர்தர் சாகிற இடத்திலெல்லாம் ஜெஃப்ரியும் உண்டு. லைட் வைக்க ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை குழியோ பெட்டியோ, அதற்குள் ஜெஃப்ரிதான் படுத்திருப்பார். எல்லாம் தயாரானதும் ஆர்தர் வந்து படுத்து, ஐந்து நிமிடத்தில் செத்து, எழுந்து சிரித்துவிட்டு டீ குடிக்கப் போவார். பிறகு கை மட்டும், கால் மட்டும் தெரிகிற ஷாட்டுகளுக்கு மறுபடியும் ஜெஃப்ரி. எல்லாப் படத்திலும் இப்படித்தான்.

அறுபத்து நான்காவது சாவு போன வியாழக்கிழமை, பட்டப்பகலில், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. விண்வெளிக்குப் போன விஞ்ஞானி பிணமாகத் திரும்பி வருகிறார். பெட்டியைத் திறந்து பார்த்தால் பிணத்துக்கு நகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. டைரக்டர் ஹரீஷ் கோலாலம்பூர்ப் பிள்ளை, கெட்டிக்காரன். அட்டைப்பெட்டி வேண்டாம், நிஜமான சவப்பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஜெஃப்ரிதான் அவருடைய ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அய்யாக்கண்ணுவிடம் சொல்லி, ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளைத் துணி, சின்னத் தலையணை. கீறல் விழாமல் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு.

ஆர்தர் படுத்தார், செத்தார். ஹரீஷ் 'கட்' என்றான். ஆர்தர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஹோ என்று சிரித்தார். சிரித்து முடிக்கும்போதுதான் கவனித்தார், கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"ஹரீஷ், என்னாப்பா நிறுத்திட்ட? சிரிக்கிற ஷாட் எங்க?"

"அங்கிள், மழை வருது லா. மொதல்ல கை ஷாட்ட முடிச்சிக்கிறேன். அப்புறம் நீங்க திரும்பப் படுங்க, திரும்ப எழுந்திரிங்க, நூறு தடவ சிரிங்க."

ஆர்தர் முறைத்துக்கொண்டே இறங்கினார். ஜெஃப்ரி பெட்டிப் பக்கம் போனார். ஆர்தர் வராந்தாவில் டீயை வாயில் வைப்பதற்குள் மழை கொட்டியது, ஜெனரேட்டர் படுத்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பப் படுப்பதாவது, எழுவதாவது! ஆர்தரை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேறு சமயமாக இருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். ஆனால் வருகிற புதன்கிழமை ஆர்தருக்கு நெஞ்சில் பைபாஸ் ஆபரேஷன். டாக்டர் படம் போட்டு விளக்கியிருந்தார்: இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள், முடிந்ததும் திரும்ப ஓடவிடுவார்கள். "திரும்ப ஓடலன்னா?" என்று ஆர்தர் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். அறுபத்து மூன்று தடவை எழுந்தவர் அறுபத்து நான்காவது தடவை எழாமல், அந்தக் கத்திக்குக் கீழே போய்ப் படுப்பதா? பயம்தான். ஊரையே பயமுறுத்தியவருக்குச் சுத்தமான, குழந்தைப்பிள்ளைப் பயம்.

மனைவி சவுந்தரத்திடம் சொன்னார். "எழுபது வயசுல இது ஒரு கவலையா? கண்ணாடி முன்னால நின்னு சிரிங்க, போதும்" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலை அவர் ஜெஃப்ரிக்குப் போன் போட்டார்.

"ஜெஃப்ரி, அந்தப் பெட்டி எங்கடா?"

"நேத்தே அய்யாக்கண்ணு கடையில திருப்பிக் குடுத்தாச்சுண்ணே. ஏன்?"

"நான் இன்னும் அதுலேருந்து எழுந்திரிக்கலடா."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ஜெஃப்ரி சிரிக்கவில்லை. "ஹரீஷு எப்ப வர்றான்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கக்கெழம கேமராவோட வர்றேன்னு சொல்லியிருக்கான். அதுக்குள்ள பெட்டிய எவனுக்காவது வித்துட்டா? அதே பெட்டி வேணும்டா. வேற பெட்டியில எழுந்து என்னா புண்ணியம்?"

"அதே பெட்டிதாண்ணே. நான் இப்பவே போயி என் பேர்ல எழுதி வெச்சிடுறேன். யாரும் தொட மாட்டாங்க. திங்கக்கெழம கடையிலயே எடுத்துக்கலாம். நீங்க பயப்படாதீங்க."

பேசும்போது ஜெஃப்ரிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. ஆர்தர் காதில் அது விழுந்தது. விழுந்தும் அவர் பெட்டியைப் பற்றியே பேசிவிட்டுப் போனை வைத்தார்.

அன்றைக்கும் மறுநாளும் எதுவும் சரியாக இல்லை. பிணத்துக்காகக் கழுத்தில் பூசிய சாம்பல் நிறம் எத்தனை சோப்புப் போட்டும் முழுசாகப் போகவில்லை, காதுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு நின்றுகொண்டது. சட்டையை மாற்றினாலும் பெட்டியின் வார்னிஷ் வாடை கூடவே வந்தது. சனிக்கிழமை மீன் வாங்கப் போனார். பிள்ளைகள் ஒளிந்துகொள்ளவில்லை. அங்கே ஒரு ஆள் நிற்பதே தெரியாதது போல அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மீன்காரர் முஸ்தஃபாகூட அவருக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் நிறுத்துப் போட்டார். ஆர்தர் மீன் வாங்காமலே திரும்பிவிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வந்தது. ஜெஃப்ரியின் மகள் பெவர்லி.

"அங்கிள், டேடி போயிட்டாரு."

பூசைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், பட்டனைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

அந்த ஒரு நொடியில் ஆர்தருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. தன்னைத் தேடி வந்த சாவு வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று நெஞ்சு இலேசானது. அடுத்த நொடியே தன்மீது காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. போனைச் சவுந்தரத்தின் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

திங்கட்கிழமை காலை ஆர்தரும் சவுந்தரமும் ஃபெரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பாகான் டாலாம் போனார்கள். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே ஜெபமாலைச் சத்தம். ஆர்தர் நடு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. அந்த வார்னிஷ் வாடை. பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. ஜெஃப்ரியின் தலைக்குக் கீழே வெள்ளைத் தலையணையின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கறை. தன் கழுத்தை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அய்யாக்கண்ணு அவர் பக்கத்தில் வந்து, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதை அவருக்கும் சொன்னார். "வெள்ளிக்கெழம சாயங்காலம் கடைக்கு வந்தாருங்க. இந்தப் பெட்டியக் காட்டி, இத யாருக்கும் குடுத்துடாத, என் பேர்ல எழுதுன்னாரு. யாருக்குண்ணேன்னு கேட்டேன். திங்கக்கெழம தெரியும்னு சிரிச்சாரு. இப்படி ஒரு மனுசன நான் பாத்ததில்ல. அந்தப் புள்ள வந்து பெட்டி கேட்டப்ப, ஒங்கப்பா எடுத்து வெச்சிட்டுத்தான் போயிருக்காரும்மான்னு சொன்னேன்."

கூடாரம் முழுக்க அதே பேச்சுத்தான். நாள் தெரிந்து போனவர், புண்ணியவான் என்று. ஆர்தர் வாயைத் திறந்தார். பெவர்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேடிக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு அங்கிள். பயப்படாம ரெடியா இருந்திருக்காரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

ஆர்தர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெட்டி எனக்காக எடுத்து வைத்தது என்று ஒரு வார்த்தை. அது வெளியே வரவில்லை. இந்தப் பிள்ளையின் ஆறுதலைப் பிடுங்கக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் பாதிதான் உண்மை என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஹரீஷ். ஜெஃப்ரி செத்ததை அவனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டூப்தானே! ஆர்தர் வீட்டுக்குப் பின்புறம், துணி காயும் இடத்துக்குப் போய்ப் பார்த்தார். 'அங்கிள், நல்ல செய்தி. நான் இன்னைக்கு வரத் தேவையில்ல. பெட்டிக்கு மேல உத்தரத்துல கட்டின ரெண்டாவது கேமராவ ஆஃப் பண்ண மறந்துட்டோம். உங்க சிரிப்பு சூப்பரா விழுந்திருக்கு. தைரியமா ஆபரேஷனுக்குப் போங்க.' கீழே வீடியோ. பதினான்கு நிமிடம்.

தட்டினார். மேலிருந்து பார்க்கும் கேமராவில் பெட்டி, பெட்டிக்குள் சாம்பல் முகத்தோடு அவர். 'கட்' என்ற குரல். அவர் எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார். வாய் கொள்ளாத சிரிப்பு. ஆக, அவர் எழுந்துவிட்டார். வியாழக்கிழமையே எழுந்துவிட்டார். நான்கு நாளாகப் பட்ட பாடெல்லாம் வீண். பெட்டியை யாரும் எடுத்து வைத்திருக்கவே வேண்டாம்.

வீடியோ நிற்கவில்லை. அவர் இறங்கிப் போனதும் ஜெஃப்ரி வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பெட்டிக்குள் கால் வைத்து மெதுவாகப் படுத்து, கைகளைச் சேர்த்து நெஞ்சின்மேல் வைத்தார். "ஹரீஷு, கை இப்படி இருந்தாப் போதுமா?" என்று கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். மழைச் சத்தம் பிடித்தது. லைட் அணைந்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஆட்கள் பெட்டியைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். எங்கிருந்தோ ஆர்தரின் குரல், "என்னோட சிரிக்கிற ஷாட்டு என்னாப்பா ஆச்சு?" என்று கத்தியது. ஜெஃப்ரி அசையவில்லை. ஷாட் இன்னும் எடுக்கவில்லையே என்று அப்படியே கிடந்தார். கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம், பதினோரு நிமிடம். ஆர்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திரிடா, எழுந்திரிடா என்று உதடு முணுமுணுத்தது. பதினான்காவது நிமிடத்தில் வீடியோ முடிந்துவிட்டது. ஜெஃப்ரி படுத்தே இருந்தார்.

முப்பத்தோரு வருஷம். குழியிலும் பெட்டியிலும் பிணவறை மேசையிலும் தன்னைவிட இருபது மடங்கு நேரம் படுத்துக் கிடந்தவன். அவன் எழுந்து சிரிக்கிற ஷாட்டை ஒரு நாளாவது யாராவது எடுத்தார்களா? ஆர்தர் ஒவ்வொரு படமாக நினைத்துப் பார்த்தார். எடுக்கச் சொல்லி அவராவது ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டதில்லை. ஜெஃப்ரியும் தனக்கென்று கேட்டதில்லை.

உள்ளே ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்திருந்தார். கடைசியாகப் பார்ப்பவர்கள் பார்க்கலாம் என்றார்கள். ஆர்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். யாரோ ச்சீ என்றார்கள். சவுந்தரம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஜெஃப்ரியின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தபடி குனிந்தார்.

"ஷாட் ஓகேடா ஜெஃப்ரி. எழுந்திரி. எழுந்து ஒரு தடவ சிரி."

போனில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அய்யாக்கண்ணுவின் ஆட்கள் இரண்டு பேர், பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் நகர்வதற்காகக் காத்து நின்றார்கள்.