குளம்படியில் கிடந்தவன்

குளிர்காலத்தில் வேலை குறைவு. அப்போது நான் கல்லறைக் கற்களை முக்கால்வாசி செதுக்கி வைத்துவிடுவேன். பாயும் குதிரை, அதன்மேல் ஈட்டியோடு ரோமானிய வீரன், குளம்படியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிரி. வீரனின் முகத்தை மட்டும் மொழுக்கென்று விட்டுவைப்பேன். யாராவது செத்து, கல் விலைபோன பிறகுதான் அந்த வேலை. எதிரியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எவனும் கேட்பதில்லை. அதனால் அதை என் இஷ்டத்துக்கு, ஆசைதீரச் செதுக்குவேன். ரைன் கரை முழுக்கத் தேடினாலும் என்னைப்போல எதிரி செதுக்க ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

மாசேர் இறந்தபோது செனெக்கியோ வந்தான். இருவரும் ஒரே குதிரைப்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர்கள். மாசேர் தன் உயிலில் அவனைத்தான் வாரிசாக எழுதியிருந்தான். கூடவே, மாசேரோடு குடும்பம் நடத்திய ஆமியாவும் வந்தாள். படையில் இருப்பவனுக்குச் சட்டப்படி மனைவி கிடையாது. ஆகவே கல்லில் அவள் பெயர் வராது, அவள் பேச்சும் எடுபடாது.

"உயில்ல இருக்கறதுதான் மேஸ்திரி. குதிரை, ஆளு, கீழ எதிரி. ஆளுக்கு மழிச்ச மூஞ்சி, தலைக்கவசம்" என்றான் செனெக்கியோ.

ஆமியா வீரனைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கீழே கிடந்தவனைப் பார்த்தாள். தொங்குமீசை, நெற்றியோரம் முடிந்த கொண்டை.

"இவரை எங்க பாத்தீங்கண்ணே?"

"யாரையும் பாக்கலம்மா. அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் இப்படித்தானே?"

"எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான். எங்கப்பாவோட படகுல அவரு ஆத்தைத் தாண்டி வந்தன்னிக்கு இதே மீசை, இதே கொண்டை."

நானும் குனிந்து, நான் செதுக்கிய முகத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"இந்தக் கொண்டைய மேல இருக்கறவருக்குப் போடுங்கண்ணே."

"குதிரை மேல கொண்டையா? பாசறையே கைகொட்டிச் சிரிக்கும்" என்றான் செனெக்கியோ.

"அப்போ கீழ இருக்கறவரைக் கொத்தி எடுத்துருங்க. அவரு குதிரை அவரையே மிதிக்கறத வருஷாவருஷம் நான் வந்து பாக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் கையில வந்ததுலயே நல்ல முகம் அது. தொடமாட்டேன்" என்றேன்.

அவள் மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒரு கொண்டை, முடிச்சுகூட அவிழாமல் இருந்தது.

"படையில சேந்தன்னிக்கு நாவிதர் அறுத்தது. இத்தனை வருஷமா படுக்கைக்கு அடியில வச்சிருந்தாரு. அவரை எரிச்சப்ப இதையும் போட மனசு வரல. இதை நான் எங்க வைக்கறது?"

செனெக்கியோ அதைத் தொடவில்லை. அவன் கை தன் நெற்றியோரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்கும் அதே நாவிதர்தான். என்னோடத அன்னிக்கே ஆத்துல வீசிட்டேன்" என்றான். "காலடியில ஏன் எதிரியைக் கேட்டான்னு மட்டும் கேக்காத, தாயி. நாங்க எல்லாருமே அதைத்தான் எழுதி வைக்கறோம்."

உயிலை மீற முடியாது. வீரனுக்கு மழித்த முகம் ஒன்றை வைத்தேன். அது யாருடைய முகமாகவும் இருக்கலாம். கீழே கிடந்தவனை அப்படியே விட்டேன். அவன் தலைக்கு நேர் பின்னால், கல்லின் முதுகில் ஒரு குழி வெட்டினேன். ஆமியா அதில் கொண்டையை வைத்தாள். சில்லுக்கல்லால் மூடிச் சுண்ணாம்பு பூசினேன். கூலி கேட்கவில்லை, மனசு கேட்கவிடவில்லை.

பிப்ரவரியில், இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளில், நானும் போனேன். ஆமியா ரொட்டியும் உப்பும் வைத்தாள். வாரிசு என்பதால் ஒயின் ஊற்ற வேண்டியவன் செனெக்கியோ. பாசறை ஆட்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மண்டியிட்டான். குடுவையில் இருந்தது முழுவதையும் கீழே கிடந்தவனின் தலைமேல் மெதுவாக ஊற்றினான். குதிரைமேல் இருந்தவனுக்கு ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.