வெங்கடகிருஷ்ணனின் சாந்தமான இசைத்தட்டு

இருபது வருடம் மேடையில் கிட்டாரை அலறவிட்ட வெங்கடகிருஷ்ணன், ஐம்பது வயதில் சாந்தமாகிவிட்டார். டிரம்ஸ் இல்லை, கூச்சல் இல்லை. ஒற்றைக் கிட்டார் மட்டும். இசைத்தட்டை வெளியிடக் கம்பெனி தயார். அவர்தான் கையெழுத்துப் போடவில்லை. அமெரிக்காவில் அவர் குடியிருக்கும் எடிசன் ஊரின் தமிழர் ஒருவராவது நன்றாக இருக்கிறதென்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியீடே வேண்டாம். இதுவரை அவர்கள் தந்திருந்த ஒரே விமர்சனம், "பக்கத்து வீட்ல மெஷின் போட்டுப் புல்லு வெட்றானா?"

1987 மே மாதம், ஞாயிறு மதியம், தட்டைப் போட்டுக் காட்ட இருபது பேரை வீட்டுக்கு அழைத்தார். பெரிய கலைஞர் வாசலில் நின்று வரவேற்கலாமா? தட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்ததும், கைதட்டலுக்கு நடுவே மாடியிலிருந்து இறங்குவதாகத் திட்டம். பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு மேலே காத்திருந்தார்.

கீழே அலங்காரம் கம்பெனி ஆள் டாமின் பொறுப்பு. இந்திய மரியாதை என்று எங்கேயோ படித்துவிட்டு, அவருடைய பெரிய படத்துக்கு ரோஜா மாலை போட்டு, முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, கறுப்பு சூட்டில் கதவைத் திறந்தான். மே மாத மகரந்தம் அவனுக்கு ஆகாது. கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

மனைவியோடு முதலில் வந்த பத்மநாபனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ருக்மிணி, போன வாரம்கூட ஓக் ட்ரீ ரோட்ல கார் பார்க் பண்ணிண்டிருந்தாரே!"

"ஷ்! ஹார்ட் அட்டாக்கா இருக்கும். அந்தப் பையனைப் பாருங்கோ, எப்படி அழறான்."

"பார்ட்டின்னு நெனச்சு இந்தப் பூப்போட்ட சட்டையை மாட்டிண்டு வந்துட்டேனே!"

பின்னால் வந்தவர்களுக்குச் செய்தி காதோடு காதாகப் போயிற்று. தட்டு சுழன்றது. யாரும் இருமவில்லை. மேலே வெங்கடகிருஷ்ணனுக்குப் புல்லரித்தது. நம்மவர்களா இவ்வளவு அமைதி!

முதல் பக்கம் முடிந்தது. கைதட்டல் இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன. ஜன்னல் வழியே பார்த்தார். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒருவர்கூட "போயிட்டு வரேன்" சொல்லவில்லை. வாசலில் நின்று அரை மணி பேசாமல் எந்தத் தமிழனும் எந்த வீட்டைவிட்டும் கிளம்பி அவர் பார்த்ததில்லை, சாவு வீட்டைத் தவிர.

பாதிப் படி இறங்கினார். கீழே, மாலை போட்ட தன் படம். அதன் எதிரில், எவர் பாட்டையும் புகழ்ந்தறியாத சங்கீத டீச்சர் பர்வதம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாசிப்பு இது! அப்படியே உருகறதே. இருக்கறச்சே ஒரு நல்ல வார்த்தை சொல்லலியே நாங்க. மன்னிச்சுடுங்கோ."

இன்னும் ஒரு படி இறங்கினால் போதும், பர்வதம் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால், அலறி ஓய்ந்த பிறகு, "ரெண்டாவது பாட்டுல சுருதி கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பார்.

வெங்கடகிருஷ்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு, வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

பர்வதம் வெளியேறிக் கதவு சாத்தியதும் டாமை மேலே கூப்பிட்டு வெளியீட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். கீழே போன் மணி அடிக்க ஆரம்பித்தது.

"எடுக்காதே," என்றார்.