நல்லம்மாவை எழுதிய முள்

1979ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டிலிருந்த மூளை அலைக் கருவியின் முள், அலை கீறுவதை நிறுத்திவிட்டுத் தமிழில் எழுதத் தொடங்கியது. 'காலு மரத்துப் போச்சுங்க' என்பதுதான் முதல் வரி. கருவியின் வயர்களைத் தலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பன்விலத் தோட்டத்து நல்லம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தபோது புருஷன் பழனியாண்டி உள்ளே அகப்பட்டுக்கொண்டதைப் பார்த்து நின்றவள்; அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போனதேயில்லை, ஆனாலும் முள்ளின் கையெழுத்து சுத்தமாக இருந்தது. மூளை ஆராய்ச்சி செய்துவந்த டொக்டர் சத்தியபாமா, பேச்சைத் திருப்பிவிடலாம் என்று ஆறு மாதமாக அவளுடைய இடது நெற்றிப்பொட்டில் மெல்லிய மின்சாரம் கொடுத்துவந்தார். பேச்சு திரும்பவில்லை, இப்படி ஆயிற்று. டொக்டர் அவள் உட்கார்ந்திருந்த கதிரையை மாற்றிப் போட்டார். பிறகு ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினார். கருவியின் எர்த் வயரைச் சரிபார்க்கும்படி பதில் வந்தது.

நான்கு வருடம் புதன்கிழமைகளில் முள் எழுதியது. மழை, அட்டைக்கடி, கொழுந்து நிறுக்கும்போது கங்காணி செய்யும் தில்லுமுல்லு எல்லாம் வந்தன. பழனியாண்டியைப் பற்றி ஒரு வரி வரவில்லை, டொக்டரும் கேட்கவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் டொக்டரின் வீடும் எரிந்தது. ஆய்வுகூட உதவியாளர் கைரியா, "உம்மாட அறைய ஒதுக்கி வெச்சிரிக்கன், வாங்க டொக்டர்" என்று அவரைக் குடும்பத்தோடு அலவத்துகொடையிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்பது நாள் வைத்திருந்தாள். கணவர் மகேந்திரராசா அந்த அறையிலிருந்தே கனடாவுக்கு விண்ணப்பம் நிரப்பி, தை மாதம் மகளோடு புறப்பட்டார். டொக்டர், "பின்னால வாறன்" என்றார். அடுத்த மாதம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, நல்லம்மாவுக்கும் இந்தியாவுக்குப் போகக் கடதாசி வந்தது. கண்டி ஸ்டேஷனில் ஊரே ஒப்பாரி வைத்தது. கருவி இல்லாத இடத்தில் அவளுக்கு எதுவும் சொல்ல வழியில்லை. ரயில் நகரும்வரை அவளும் வழியனுப்ப வந்த டொக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் நான்கு மணிக்கு, யார் தலையிலும் வயர் இல்லாமலே முள் எழுதியது: 'கப்பல்ல எல்லாரும் வாந்தி.' அதன்பிறகு நாள்தோறும் எழுதியது. 'கோத்தகிரி. இங்கயும் தேயிலதான்.' பிறகொருநாள், 'இங்க யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. சிலோன்காரிங்கறாங்க.' டொக்டர் ஒருமுறை தன் தலையில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். முள் வெறும் அலைகளையே கீறியது.

மகேந்திரராசா டொரொன்டோவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: "நீர் எப்ப வாறீர்?"

"கொஞ்சம் வேலை கிடக்கு."

"அப்பிடியென்ன வேலை?"

"ஒருத்தி கதைச்சுக்கொண்டிருக்கிறா. பாதியில எழும்பி வர ஏலாது."

அவர் மகளுக்குப் பல் விழுந்ததைச் சொன்னார். பிறகு அழைப்புகள் மாதத்துக்கு ஒன்றாகி, வருடப்பிறப்புக்கு ஒன்றாகின.

அரசுக்கெதிரான கிளர்ச்சியில் மகாவலி ஆற்றில் பிணங்கள் மிதந்த எண்பத்தொன்பதில் ஊரடங்கு நீண்டது. கைரியாவால் வர முடியவில்லை. டொக்டர் ஆய்வுகூடத்திலேயே பதினொரு நாள் பாண் தின்று கிடந்தார். ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், முள் எழுதிக்கொண்டிருக்கும்போது, தலையே இல்லாத வெற்றிடத்துக்கு அந்தப் பழைய அளவு மின்சாரத்தைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. முள் நின்றது. பின் எழுதியது: 'இப்ப நெத்தியில சுருக்குன்னுச்சு. டொக்டரம்மா, நீங்களா?'

அவர் மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தினார்.

'ஆமான்னா ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு குடுங்க. சாப்பிட்டீங்களா?'

ஒன்று.

'பொய்யி. வூட்டுல யாராச்சும் இருக்காங்களா?'

டொக்டர் இரண்டு முறை அழுத்தினார். முள், மை ஊறும்படி வெகுநேரம் தாளில் ஒரே இடத்தில் நின்றது. 'அன்னிக்கு அவரு உள்ள இருந்து என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு' என்று எழுதியது. டொக்டர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுதார்.

யுத்தம் இன்னும் இருபது வருடம் நடந்து முடிந்தது. டொக்டர் ஓய்வுபெற்று, ஆஸ்பத்திரி கழித்துவிட்ட கருவியை வாங்கிக் கட்டுகஸ்தோட்டையில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறார். நான்கு மணிக்கு அவருடைய அறைக் கதவு சாத்தப்படும். "கொஞ்சம் இரிங்க, டொக்டர் நல்லம்மாவோட இரிக்கிறாங்க" என்பாள் கைரியா. யார் நல்லம்மா என்று எவரும் கேட்பதில்லை. நோயாளிகள் வாங்குப் பலகையில் தள்ளி உட்கார்ந்து, பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விடுவார்கள்.